தொல்லியல் பட்டத்துக்கு ஒரு பொதுப் பிரமாணம்

2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்புப் பொருள்களோடு எடுக்கப்பட்ட மாதிரிகளுள் ஒன்றின் காலம் கி.மு. 3345 என்று கணிக்கப்பட்டிருப்பதாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்த நாள்முதல், இரும்பின் தொன்மை என்னும் கேள்வி ஆராய்ச்சியாளர்களின் அறைகளை விட்டு வெளியே வந்து, தலையங்கங்களிலும் மேடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் பேசப்படும் பொது விஷயமாகிவிட்டது. தன் பூர்வ சரித்திரத்தில் ஒரு சமூகம் இவ்வளவு சிரத்தை கொள்வது போற்றத்தக்கது. ஆயினும், இத்தகைய ஆண்டுக் கணக்குகளைக் கொண்டாடுவோரும் மறுப்போரும் ஒருசேரக் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. மண்ணுக்குள்ளிருந்து சான்றுகளை எடுத்து உலகத்தின் முன் வைக்கும் கைகள் எங்கே, எத்தனை நாள், எந்த அளவுகோலின்படி பயிற்சி பெறுகின்றன என்பதே அக்கேள்வி. இதற்குத் தெளிவான பதிலை இன்று நம் நாட்டில் எந்த அதிகாரியாலும் எந்தத் துணைவேந்தராலும் தர இயலாது. அந்தக் குறையைப் பற்றியே இங்கே எழுத முற்படுகிறேன்.

கேள்வி எவ்வளவு ஆழமானது என்பதை ஓர் உதாரணத்தால் காணலாம். பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் 2009-10ஆம் ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த கல்லறை ஒன்றில், நான்கு கால்கள் கொண்ட ஒரு சாடிக்குள் சுமார் இரண்டு கிலோ நெல் இருந்தது. அதே கல்லறையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பிரிமனை ஒன்றும் இருந்தது. நெல்லை அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பியபோது, அதன் காலம் கி.மு. 490 என்று விடை வந்தது. தமிழகத்தில் எழுத்தின் பழமையைப் பற்றிய விவாதம் அன்றுமுதல் புதிய வேகம் பெற்றது. ஆனால் ஆய்வகம் சொன்னது நெல்லின் வயதை மட்டுமே. அந்த வயது எழுத்துக்கும் உரியதாவது, நெல்லும் பிரிமனையும் ஒரே காலத்தில் ஒரே கல்லறையில் வைக்கப்பட்டன, பிற்காலத்தில் மனிதனோ எலியோ மரவேரோ அவற்றைக் கலைக்கவில்லை என்று களத்தில் நின்றவர்கள் எழுதி வைத்த சாட்சியத்தினால்தான். எத்தனை கோடி பெறுமான கருவியாயினும் இந்தச் சாட்சியத்தைத் தானாகச் சொல்லிவிடாது. சரித்திரத்தின் ஓர் அத்தியாயமே களக் குறிப்பேட்டின் சில பக்கங்களைப் பற்றிக்கொண்டு நிற்கிறதென்றால், அந்தப் பக்கங்களை எழுதக் கற்றுக்கொடுப்பது தொல்லியல் கல்வியின் தலையாய கடமை என்பதில் சந்தேகம் இருக்க முடியாது.

அகழாய்வுக் குழி ஒன்றின் விளிம்பில் சிறிது நேரம் நின்று கவனிப்பவர்கள் இந்தக் கல்வியின் நுட்பத்தை நேரில் அறிவார்கள். குழியின் பக்கச் சுவரைக் கரணையால் மெல்லச் சீவி, தூரிகையால் தூசு தட்டி, லேசாக நீர் தெளித்து, ஈரம் காய்வதற்குள் மண்ணின் நிறவேறுபாடுகளைக் கண்டு, ஓர் அடுக்கு முடிந்து மற்றோர் அடுக்கு தொடங்கும் இடத்தில் கரணை முனையால் கோடு கீற வேண்டும். பின்னர் ரசமட்டம் பார்த்து நூல் கட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அளவு நாடாவால் ஒவ்வொரு வளைவையும் அளந்து கட்டத்தாளில் வரைய வேண்டும். மண்ணின் நிறத்தை மன்செல் அட்டையோடு ஒப்பிட்டு அதன் எண்ணைக் குறிக்க வேண்டும். மேலிருந்து ஒரு குப்பைக்குழி கீழடுக்கை வெட்டிக்கொண்டு இறங்கியிருந்தால், அந்தக் குழிக்குள் கிடைத்த ஓடு கீழடுக்கின் ஆழத்தில் கிடைத்தாலும் மேலடுக்கின் காலத்தையே சேரும். இதைக் கண்டுகொள்ளத் தவறுகிற மாணவர் சில நூற்றாண்டுகளை ஒரே நொடியில் இடம் மாற்றிவிடுகிறார். மாலையில் பானையோடுகள் பைகளில் அடைக்கப்படும்போது, ஊரின் குறியும் குழியின் எண்ணும் மண்ணடுக்கும் ஆழமும் தேதியும் எழுதிய ஒரு சிறு சீட்டு ஒவ்வொரு பைக்குள்ளும் போகிறது. அந்தச் சீட்டு நனைந்து எழுத்தழிந்துபோனால், அல்லது இரண்டு பைகளின் சீட்டுகள் மாறிப்போனால், உள்ளே இருப்பவை வெறும் உடைந்த ஓடுகளாகிவிடுகின்றன; அவற்றை மீண்டும் சான்றாக்கும் வித்தை எவரிடமும் இல்லை.

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த பெரியோர்களுக்கு ஓர் ஏட்டில் சிதைந்துபோன வரியை வேறோர் ஊரில் கிடைத்த மற்றோர் ஏட்டைக் கொண்டு நிரப்பும் வாய்ப்பு இருந்தது. மண்ணுக்குள் இருக்கும் ஏட்டுக்கோ பிரதி கிடையாது. அதைப் படிக்கிற செயலே அதை அழித்தும் விடுகிறது. ஆகவே அகழ்கிறவர் எழுதி வைக்காதது எதுவோ, அது என்றென்றைக்கும் இல்லாததாகிவிடுகிறது. பட்டதாரி ஒருவர் பிழை செய்தால் மறுபடி திருத்திக்கொள்ளலாம் என்ற ஆறுதல் பல துறைகளில் உண்டு; தொல்லியலில் அந்த ஆறுதல் இல்லை என்பதனாலேயே, இத்துறைப் பட்டத்துக்கு உறுதியான பொதுப் பிரமாணம் ஒன்று மற்றவற்றைக் காட்டிலும் அதிக அவசியமாகிறது.

இந்தப் பாடத்தை நம் நாடு ஒருமுறை கற்றுக்கொண்டிருக்கிறது. மொகஞ்சதாரோவில் 1920களிலும் 1930களிலும் நடந்த அகழாய்வுகளில், பொருள்கள் கிடைத்த இடங்கள் பெரும்பாலும் ஒரு பொது மட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம் என்ற கணக்கிலேயே குறிக்கப்பட்டன. தெருவும் வீடும் குப்பைமேடும் ஏறியும் இறங்கியும் கிடக்கும் ஒரு நகரத்தில், ஒரே ஆழம் ஒரே காலத்தைக் காட்டாது என்ற உண்மை உரிய கவனம் பெறவில்லை. 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், அந்த முறையைக் கடுமையாகக் கண்டித்ததோடு நிற்காமல், அதே ஆண்டில் தட்சசீலத்தில் ஒரு களப்பள்ளியைத் தொடங்கி, துறை ஊழியர்களையும் பல்கலைக்கழக மாணவர்களையும் ஒரே குழியில் நிறுத்தி, மண்ணடுக்கைப் படிக்கவும் வரையவும் பழக்கினார். பிற்காலத்தில் அந்தத் துறையின் தலைமை இயக்குநர்களாக உயர்ந்த பி.பி. லால், பி.கே. தாப்பர் ஆகியோர் அந்தப் பள்ளியில் பயின்றவர்களே. அன்று அங்கே கற்பிக்கப்பட்டது ஒரு பொது மொழி. வெவ்வேறு மாகாணங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே விதமாகக் குழி வகுத்து, ஒரே விதமாக அடுக்குக்கு எண் கொடுத்து, ஒரே விதமாகச் சீட்டு எழுதியதனால், ஒருவர் அகழ்ந்ததை மற்றவர் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது.

அதன் பயனைப் புதுச்சேரிக்கு அருகிலுள்ள பண்டைத் துறைமுகமான அரிக்கமேட்டில் காணலாம். 1945இல் அங்கே நடந்த அகழாய்வில், இத்தாலியில் செய்யப்பட்ட அரிட்டைன் மட்கலன்களின் துண்டுகள் உள்ளூர் ஓடுகளோடு சேர்ந்து எந்தெந்த அடுக்கில் கிடைத்தன என்பது துல்லியமாகக் குறிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே மண்ணடுக்கு வரைபடங்களோடு அறிக்கையும் வெளிவந்துவிட்டது. காலம் தெரியாமல் கிடந்த தென்னிந்தியப் பானை வகைகளுக்கு ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி சென்னைப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து அரிக்கமேட்டை மீண்டும் அகழ்ந்தபோது, வீலரின் முடிவுகள் சிலவற்றை மறுத்து, அந்தத் துறைமுகத்தின் வாழ்வு அவர் கருதியதைவிட முன்பே தொடங்கி நெடுங்காலம் நீடித்தது என்று நிறுவ முடிந்தது. வீலரை மறுப்பதற்கான வழியை வீலரின் குறிப்புகளே திறந்து வைத்திருந்தன. ஓர் அகழாய்வின் பெருமை அதன் முடிவு நிலைத்து நிற்பதில் மட்டும் இல்லை. பின்னால் வருகிறவர் அதைச் சோதித்துப் பார்க்கும்படி பதிவுகளை வைத்துப்போவதிலும் இருக்கிறது.

இதற்கு மாறான அநுபவமும் நம்மிடம் உண்டு. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த வெண்கலப் பாத்திரங்களும் இரும்புக் கருவிகளும் பொன் பட்டங்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் செல்வங்கள். 1915இல் அவற்றின் பட்டியலும் நூலாக வெளியிடப்பட்டது. ஆனால் எந்தத் தாழியில் எந்த எலும்போடு எந்தப் பொருள் எந்த நிலையில் கிடந்தது என்று இன்றைய ஆராய்ச்சி கேட்கும் கேள்விகளுக்கு அந்தப் பட்டியல் பதில் சொல்லப் போதவில்லை. அது அந்தக் காலத்தின் குறை எனலாம். 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை அதே ஊரில் மீண்டும் அகழ்ந்து, அதன் முழு அறிக்கை பத்தாண்டுகளுக்கு மேல் வெளிவராமல் கிடந்ததற்கோ காலத்தைக் காரணம் காட்ட முடியாது. கீழடியில் நடந்த முதல் இரு கட்ட அகழாய்வுகளைப் பற்றி 2023 ஜனவரியில் அளிக்கப்பட்ட 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தரும்படி 2025 மே மாதத்தில் அதே துறை கேட்டதும், அதையொட்டி எழுந்த வாதங்களும் வாசகர்கள் அறிந்தவை. மண்ணடுக்கை எவ்வாறு பிரிப்பது, காலத்தை எவ்வாறு நிறுவுவது, அறிக்கையில் எவையெவை இருக்க வேண்டும் என்பவற்றில் எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் ஒன்று கல்லூரிக் காலத்திலிருந்தே நிலைபெற்றிருக்குமானால், இத்தகைய கருத்து வேற்றுமைகள் அரசியல் மேடைக்குப் போகாமல் ஆய்வு மேடையிலேயே தீர்ந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

சுதந்திரத்துக்குப் பின் நம் பல்கலைக்கழகங்கள் இந்தத் துறையில் செய்த தொண்டு சாமானியமானதன்று. புணே தெக்காணக் கல்லூரியில் எச்.டி. சங்காலியா வளர்த்த மரபு, தொல்லியலோடு விலங்கெலும்பு ஆய்வையும் தாவர ஆய்வையும் மண்ணாய்வையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது. பரோடாவில் பி. சுப்பாராவும் அலகாபாத்தில் ஜி.ஆர். சர்மாவும் தத்தம் பிரதேசங்களின் சரித்திரத்தையே மாற்றி எழுதினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி.வி. மகாலிங்கம் 1960களில் உறையூர், திருக்காம்புலியூர், அழகரை ஆகிய காவிரிக்கரை ஊர்களில் மாணவர்களோடு அகழ்ந்தார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளையும் மணி செய்த தொழிற்கூடங்களையும் எழுத்துப் பொறித்த ஓடுகளையும் வெளிக்கொணர்ந்தது. இவ்வாறு ஒவ்வோர் ஊரிலும் ஒரு பேராசிரியரின் தனி முயற்சியால் மலர்ந்த மரபுகள், அவர் ஓய்வு பெற்றதும் வாடிவிடுகின்றன. ஆசிரியர் பதவிகள் நிரப்பப்படாமல் கிடக்க, அகழாய்வுக்குப் பணம் இல்லாமல் போக, களத்தில் கற்க வேண்டியது வகுப்பறைக் குறிப்பாகச் சுருங்குகிறது. ஓரிடத்தில் மாணவர் இரண்டு பருவங்கள் களத்தில் கழிக்கிறார். மற்றோரிடத்தில் அகழாய்வு நடக்கும் ஊருக்கு ஒரு நாள் சுற்றுலாவாக அழைத்துச் செல்லப்படுகிறார். இருவரும் பெறுவது முதுகலைப் பட்டமே. ஒருவருக்குக் கல்வெட்டு மைப்படி எடுக்கத் தெரியும், ஆனால் எலும்பைப் பார்த்து ஆடா மாடா என்று சொல்லத் தெரியாது. மற்றவருக்கு ட்ரோன் படமும் கணினி வரைபடமும் கைவந்த கலை, ஆனால் கருப்பு-சிவப்பு ஓட்டின் வகைகளைப் பிரித்தறியும் பழக்கம் இல்லை. பட்டச் சான்றிதழைப் பார்த்து இந்த வேற்றுமையை எவரும் அறிய முடியாது.

பொதுவான அளவுகோல் என்று இன்று ஒன்று இருக்குமானால், அது பல்கலைக்கழக மானியக் குழுவின் 'நெட்' பரீட்சைதான். தொல்லியலுக்கென்று தனிப் பாடம் அதில் உண்டு என்பது நன்மையே. ஆயினும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அந்தப் பரீட்சை, ஒருவரின் ஞாபகத்தை அளக்கலாம்; குழிச்சுவரின் முன் அவர் கண் எதைக் காண்கிறது என்பதை அளக்காது. முதுகலை முடித்தவர்களுக்கு இந்தியத் தொல்லியல் துறை தன் ஸ்தாபனத்தில் மேலும் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு நடத்துவதும், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அதேபோன்ற படிப்பை நடத்துவதும் பாராட்டத்தக்க ஏற்பாடுகள்தாம். ஆனால் ஐந்தாண்டுகள் படித்து வந்தவருக்கு அடிப்படைக் களப்பயிற்சியை மறுபடி அங்கே தொடங்க வேண்டியிருக்கிறதென்றால், பல்கலைக்கழகப் பட்டத்தின்மீது தொழில்துறைக்கு நம்பிக்கை இல்லை என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. கட்டடக் கலைக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மன்றம் இருக்கிறது. மருத்துவத்துக்கும் வழக்கறிஞர் தொழிலுக்கும் அவ்வாறே உண்டு. ஆயிரம் ஆண்டுப் பழமையை ஒரே வாரத்தில் அழித்துவிடக்கூடிய தொழிலுக்கு அத்தகைய காவலர் எவரும் இல்லை.

பிற நாடுகள் இதை எவ்வாறு கையாண்டிருக்கின்றன என்று பார்ப்பது பயன்தரும். பிரிட்டனில் உயர்கல்வித் தர உறுதி முகமை, தொல்லியல் பட்டதாரி ஒருவர் குறைந்தபட்சம் எவற்றை அறிந்திருக்க வேண்டும், எவற்றைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை 2000ஆம் ஆண்டிலேயே ஓர் அறிக்கையாக வெளியிட்டு, அவ்வப்போது திருத்தியும் வருகிறது. அதை வரைந்தவர்கள் அத்துறைப் பேராசிரியர்களே. எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே பாடத்திட்டத்தை விதிப்பது அதன் நோக்கமன்று என்று அதுவே தெளிவாகச் சொல்லுகிறது. அதற்கு மேல், தொழில்முறைத் தொல்லியலாளர்களின் பட்டய ஸ்தாபனம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பட்டப் படிப்புகளைப் பரிசீலித்து அங்கீகாரம் வழங்குகிறது. ஆஸ்திரேலியாவில் 2008ஆம் ஆண்டையொட்டி, நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, அந்நாட்டுத் தொல்லியல் பட்டங்களுக்குப் பொது ஒப்பளவுகள் வகுக்கும் முயற்சி நடந்தது. அமெரிக்காவில் 1998இல் அமைந்த தொழில்முறைத் தொல்லியலாளர் பதிவேடு, அங்கத்தினர்களுக்கு ஓர் ஒழுக்க நெறியை விதிப்பதோடு, மாணவர்களின் களப்பள்ளிகளையும் பரிசீலித்துச் சான்றளிக்கிறது. இம்மூன்று நாடுகளின் முறைகளும் வெவ்வேறானவை. ஆனால் பட்டம் என்பது பெயரளவில் நில்லாமல், அதைப் பெற்றவரின் திறமைக்கு ஓர் உத்தரவாதமாக வேண்டும் என்ற கொள்கை அவற்றுக்குப் பொது.

நமக்கு வேண்டிய பொதுப் பிரமாணத்தை ஆறு அம்சங்களில் அடக்கிவிடலாம் என்று கருதுகிறேன். முதலாவது, முதுகலைப் பட்டம் பெறும் ஒவ்வொருவரும் இரண்டு வெவ்வேறு ஊர்களில், ஒன்று வாழ்விடமாகவும் மற்றொன்று ஈமக்காடாகவும் இருக்கும்படி, மொத்தம் அறுபது நாட்களுக்குக் குறையாமல் மேற்பார்வையின் கீழ்க் களப்பணி செய்திருக்க வேண்டும். இரண்டாவது, அந்தப் பணியில் அவர் தம் கையால் எழுதிய குறிப்பேடும், வரைந்த மண்ணடுக்கு வரைபடமும், எடுத்த நிழற்படங்களும், தயாரித்த பொருட்பட்டியலும் ஒரு தொகுப்பாகச் சமர்ப்பிக்கப்பட்டு, வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பரீட்சகர் ஒருவரால், குழியின் முன்னேயே நிறுத்திக் கேள்வி கேட்டு மதிப்பிடப்பட வேண்டும். மூன்றாவது, பானை வகைகள், கல்லாயுதங்கள், எலும்புகள், விதைகள் ஆகியவற்றை அடையாளம் காணவும், காலக்கணிப்புக்கான மாதிரியை மாசுபடாமல் எடுத்து அனுப்பவும், வந்த விடையின் பிழை எல்லையோடு அதைப் பொருள்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். நான்காவது, தம் பிரதேசத்தின் பழைய எழுத்தையும் ஒரு செம்மொழியையும் மூல ஆதாரங்களைப் படிக்கும் அளவுக்குக் கற்றிருக்க வேண்டும். ஐந்தாவது, 1958ஆம் ஆண்டின் புராதனச் சின்னங்கள் சட்டத்தையும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் சட்டத்தையும், மனித எலும்புகளைக் கையாளும்போதும் ஊராரின் நிலத்தில் இறங்கும்போதும் கடைப்பிடிக்க வேண்டிய நெறியையும் அறிந்திருக்க வேண்டும். ஆறாவது, ஓர் அகழாய்வைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் அறிக்கையும், அந்த ஊர் மக்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி அவர்கள் மொழியில் ஒரு சிறு பிரசுரமும் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஆறுக்கு அப்பால் எதைக் கற்பிப்பது, எந்தக் காலத்துக்கு முதன்மை தருவது என்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சுதந்திரம்.

இதைக் கேட்டவுடன் எழும் முதல் ஆட்சேபத்தை நான் அறிவேன். பொதுத் தரம் என்று தொடங்குவது, நாளடைவில் எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கும் கட்டாயமாக முடியும் என்பார்கள். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. 2020ஆம் ஆண்டு அக்டோபரில், இந்தியத் தொல்லியல் துறையின் ஸ்தாபனம் தன் பட்டயப் படிப்புக்கு வெளியிட்ட அறிவிப்பில், தகுதிக்குரிய செம்மொழிகளாகச் சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபி, பாரசீகம் ஆகியவை குறிக்கப்பட்டுத் தமிழ் விடப்பட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே தமிழும் வேறு சில மொழிகளும் சேர்க்கப்பட்டன. இந்தியக் கல்வெட்டுகளில் மிகப் பெரியதொரு தொகுதி தமிழில் இருக்க, அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு வாசலை அடைப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதை விளக்க வேண்டியதில்லை. 2023இல் தமிழ்நாட்டிலேயே உயர்கல்வி மன்றம் பொதுப் பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தபோது, தன்னாட்சிக் கல்லூரிகளிலிருந்து எதிர்ப்பு வந்ததும் இதே அச்சத்தினால்தான். தலைநகரில் ஓர் அறைக்குள் ஒரு சிலர் கூடி நிர்ணயிக்கும் தரம் தரமாகாது என்பதையே இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. குறைந்தபட்சத் தகுதி வேறு, பாடத்திட்டம் வேறு. முன்னதைக் கற்பிக்கிறவர்களும் களத்தில் பணிசெய்கிறவர்களும் பகிரங்கமாகக் கூடி வகுக்க வேண்டும். பின்னதை அந்தந்த ஊரின் மண்ணுக்கும் மொழிக்கும் விட்டுவிட வேண்டும். அத்திரம்பாக்கத்தின் பழங்கற்காலக் கருவிகளை ஆராயப் பயிற்றும் ஆசிரியரும், சோழர் கல்வெட்டுகளில் தேர்ச்சி தரும் ஆசிரியரும் ஒரே வழியில் நடக்க வேண்டியதில்லை. இருவரின் மாணவர்களும் மண்ணடுக்கைப் பிழையின்றி வரையத் தெரிந்தவர்களாக இருந்தால் போதும்.

இரண்டாவது ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. சிறிய துறைகளும் அரசுக் கல்லூரிகளும் அறுபது நாள் அகழாய்வுக்கும் ஆய்வகத்துக்கும் எங்கே போகும் என்று கேட்பது நியாயமே. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே அகழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு அகழ்வது மண்ணுக்கே தீங்கு. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை ஆண்டுதோறும் பல ஊர்களில் அகழாய்வு நடத்துகிறது. அவற்றுள் ஒன்றிரண்டை மாநிலத்தின் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான களப்பள்ளிகளாக அறிவித்து, தங்குமிடமும் உணவும் ஒரு சிறு உதவித்தொகையும் அளித்தால், ஏழை மாணவரும் பெண் மாணவியரும் எவ்விதத் தடையுமின்றிப் பயில முடியும். சட்டப்படி மாநில அரசும் மத்திய அரசின் இசைவோடுதான் அகழ வேண்டியிருக்கிறது. அந்த அனுமதி ஒவ்வொன்றிலும், இத்தனை மாணவர்களுக்குப் பயிற்சி இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. எலும்புக்கும் விதைக்கும் ஒவ்வொரு துறையிலும் ஆய்வகம் கட்டுவதைவிட, சென்னையிலோ தஞ்சையிலோ ஒரு பொது ஆய்வகம் அமைத்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாதிரித் தொகுப்புகளை அங்கே வைத்து, மாணவர்கள் முறைவைத்து வந்து பயிலச் செய்வது சிக்கனமும் சிறப்பும் ஆகும்.

மூன்றாவது ஆட்சேபம் மாணவர்களிடமிருந்தே வருகிறது: இவ்வளவு கஷ்டப்பட்டுக் கற்றபின் உத்தியோகம் எங்கே? இந்தக் கேள்விக்கு வாய்ச்சொல்லால் ஆறுதல் கூறுவது அநீதி. பிரமாணம் வகுப்பதும் பதவிகளை நிரப்புவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். தொல்லியல் துறைகளும் அருங்காட்சியகங்களும் பணியாளர் தேர்வு விதிகளில் அங்கீகரிக்கப்பட்ட களத்தொகுப்பைத் தகுதியாக ஏற்க வேண்டும். அகழாய்வுப் பருவந்தோறும் தற்காலிகமாக அமர்த்தப்பட்டு, பருவம் முடிந்ததும் கைவிடப்படும் இளம் ஆய்வாளர்களுக்கு, பருவத்துக்குப் பின் அறிக்கை எழுதும் மாதங்களுக்கும் ஊதியம் தர வேண்டும். அறிக்கைகள் ஆண்டுக்கணக்கில் தேங்குவதற்கு, அவற்றை எழுதத் தெரிந்தவர்களுக்கு எழுதும் காலத்தில் சம்பளம் இல்லாமலிருப்பதும் ஒரு காரணம்.

இதைத் தொடங்குவதற்கு டெல்லியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. சென்னைப் பல்கலைக்கழகமும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் அண்டைப் பல்கலைக்கழகங்களும், மாநிலத் தொல்லியல் துறைகளின் களப்பணியாளர்களையும் உடன் அழைத்துக்கொண்டு ஓராண்டுக்குள் கூடி, குறைந்தபட்சத் தகுதிகளை வகுத்து, வரைவைப் பொதுமக்களின் பார்வைக்கு வெளியிட்டு, திருத்தங்களைப் பெற்று, அடுத்த கல்வியாண்டில் சேரும் மாணவர்களிலிருந்தே அமல்படுத்தத் தொடங்கலாம். தென்னாட்டில் அது நன்கு நடந்தால் மற்றப் பிரதேசங்கள் பின்பற்றும்; பல்கலைக்கழக மானியக் குழுவும் அதைப் பின்னர் ஏற்றுக்கொள்ளும்.

கீழடியையும் சிவகளையையும் கொண்டு உலகத்தின் முன் நாம் வைக்கும் உரிமைகள் பெரியவை. அவற்றைப் பரிசீலிக்கும் உலகம் நம் உணர்ச்சியை மதிப்பிடாது, நம் குறிப்பேடுகளையே புரட்டிப் பார்க்கும். துணைவேந்தர்களே, துறைத்தலைவர்களே, அமைச்சர் பெருமக்களே, புதிய அகழாய்வுகளுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை அகழ்கிறவர்களின் கல்விக்கு ஒதுக்குங்கள். அவர்கள் பெறும் பட்டத்துக்கு நாடெங்கும் ஒரே மதிப்பு உண்டாகும்படி ஒரு பொதுப் பிரமாணத்தை இந்த ஆண்டே வகுத்துத் தாருங்கள். தொல்லியல் படிக்கப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்களும், சேர விரும்பும் மாணவர்களும், சேருவதற்கு முன் ஒவ்வொரு துறையையும் பார்த்து, எத்தனை நாள் களப்பயிற்சி தருவீர்கள் என்று துணிந்து கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்ல முடியாத துறை, தொல்லியல் பட்டம் வழங்கும் தகுதியை இன்னும் பெறவில்லை.